கம்பி தளர்ந்தால் கணக்கு மாறும்

கிட்டார் கம்பி வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "லைட்டா, மீடியமா?" என்பதுதான். உங்கள் கிட்டார் எவ்வளவு நீளம், அதை எந்தச் சுருதியில் சேர்த்து வாசிக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பொட்டலத்தின் மேல் 12–53 என்றோ 13–56 என்றோ அச்சடித்திருக்கும். முழு நீளக் கிட்டார், வழக்கமான சுருதி என்று இரண்டையும் முன்கூட்டியே அனுமானித்துக்கொண்டு போட்ட எண்கள் அவை. இரண்டில் ஒன்று மாறினாலே அந்த அனுமானம் ஆட்டம் காணும். குட்டைக் கிட்டாரில் ஹவாய்த் தீவுகளின் 'ஸ்லாக் கீ' சுருதியை வைத்து வாசிப்பவருக்கு இரண்டுமே மாறிவிடுகின்றன.

எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற இடத்தில் இந்தச் சேர்க்கை அமைவதில் வியப்பில்லை. பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் சாலையோரம், கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களின் 332 ஏக்கரில் 1978இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொடங்கிய தொழிற்பேட்டை இது. இன்று இன்ஃபோசிஸ், விப்ரோ வளாகங்களைச் சுற்றி பி.ஜி. விடுதிகளும் ஒற்றைப் படுக்கையறை வீடுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. நீலாத்ரி சாலைப் பக்கத்து விடுதி அறையில் கட்டிலும் அலமாரியும் போக மிஞ்சும் இடத்தில் பெரிய டிரெட்நாட் கிட்டாரை வைப்பது கஷ்டம். வெள்ளிக்கிழமை இரவு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலத்துக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறவர்களுக்கும், 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோவில் ஊருக்குள் போகிறவர்களுக்கும் தோளில் தொங்கும் சின்னக் கிட்டார்தான் தோது. பாட்டுக்காரர் துணை இல்லாமல், பக்கத்து அறையை எழுப்பாமல், தனியாக உட்கார்ந்து வாசிக்க ஸ்லாக் கீ போல ஒத்துப்போகும் பாணிகள் குறைவு.

சிக்கல் கம்பியில்தான். அதே பொட்டலத்துக் கம்பியை மாட்டிச் சுருதியை இறக்கினால் சத்தம் சோகையாகிறது. கம்பி ஃப்ரெட்டில் மோதி 'ஜிர்ர்' என்கிறது. வாசிப்பவர் தன் விரலையோ கிட்டாரையோ குறை சொல்லத் தொடங்கிவிடுகிறார். குற்றம் பெரும்பாலும் இரண்டிலும் இருப்பதில்லை.

வீணைக்குப் பழக்கமான சுருதி

1793இல் கடலோடி ஜார்ஜ் வான்கூவர் ஹவாய் மன்னர் கமேஹமேஹாவுக்கு மாடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவை பெருகிக் கட்டுக்கடங்காமல் போகவே, 1830களில் மெக்சிகோவிலிருந்து மாடு மேய்க்கும் குதிரைவீரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களோடு வந்த கிட்டார் ஹவாய்க்காரர்கள் கையில் வேறு உருவம் எடுத்தது என்பது அங்கே வழங்கும் வரலாறு. சில கம்பிகளின் முறுக்கைத் தளர்த்தி, எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு முழு ஸ்வரக்கூட்டு ஒலிக்கும்படி வைத்துக்கொண்டார்கள். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளத்தோடு ஆதாரச் சுருதியை மாற்றி மாற்றித் தட்டும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை வாசிக்கும். குடும்பத்துக்குள் காத்துவந்த இந்தக் கலை, 1940களில் ஹவாய்க் கலைஞர் கேபி பஹினுய் இசைத்தட்டில் பதிவு செய்த பிறகு வெளியுலகுக்குத் தெரிந்தது.

இந்தியாவில் 'ஹவாயன் கிட்டார்' என்றால் நினைவுக்கு வருவது வேறொன்று: மடியில் கிடத்தி, உலோகத் துண்டால் கம்பியின் மேல் வழுக்கி வாசிப்பது. பிரிஜ் பூஷண் காப்ராவும் விஸ்வமோகன் பட்டும் இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுவந்தது அந்த வகை. ஸ்லாக் கீயோ சாதாரணக் கிட்டார் போலவே நிமிர்த்திப் பிடித்து, விரலால் ஃப்ரெட்டில் அழுத்தி வாசிப்பது. இரண்டு மரபுகளுக்கும் நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் 1975இல் பஹினுய் குழுவின் இசைத்தட்டில் வாசித்தார். பிறகு விஸ்வமோகன் பட்டோடு சேர்ந்து வாசித்த இசைத்தட்டுக்கு 1994இல் கிராமி விருது பெற்றார்.

ஸ்லாக் கீயில் அதிகம் புழங்கும் சுருதிக்கு 'டேரோ பேட்ச்' என்று பெயர். தடித்த கம்பியிலிருந்து எண்ணினால் டி, ஜி, டி, ஜி, பி, டி. ஜி என்பது நம் கணக்கில் ஐந்து கட்டை. அதை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: ப, ஸ, ப, ஸ, க, ப. காந்தாரம் இங்கே அந்தர காந்தாரம். வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளைத் தடித்ததிலிருந்து சொன்னால் அனுமந்தரம் ப, மந்தரம் ஸ, பஞ்சமம் ப, சாரணி ஸ. கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளும் வீணையின் நான்கு தந்திகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தஞ்சாவூர்க்காரரும் ஹவாய்க்காரரும் சந்தித்துப் பேசி முடிவெடுத்த விஷயமல்ல இது. ஸட்ஜமும் அதன் மேல்ஸ்தாயியும் 1க்கு 2, ஸட்ஜமும் பஞ்சமமும் 2க்கு 3 என்ற எளிய விகிதத்தில் அதிர்வதால் ஒரு கம்பியின் அதிர்வு மற்றதை எழுப்பிவிடும். திறந்த கம்பிகளை நம்பி வாசிக்கும் எந்த வாத்தியமும் கடைசியில் இந்த இரண்டு ஸ்வரங்களிடம் வந்துதான் சேரும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊரில் தம்புராவுக்குத் தந்தி வாங்கும்போது சுருதி முதலில் வரும். ஆண் குரலுக்கான தம்புராவுக்கு ஒரு தந்தி. கட்டை கூடிய பெண் குரலுக்கான சிறிய தம்புராவுக்கு வேறு தந்தி. சுருதிக்கும் நீளத்துக்கும் ஏற்பத் தந்தியின் தடிமன் மாற வேண்டும் என்பது நமக்கு வாத்தியக்கடை அளவிலேயே பழகிய அறிவு. கிட்டார் பொட்டலம்தான் இதை மறக்கடிக்கிறது.

சுரமானி சொன்ன விதி

பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் சுரமானியைத் தொட்டவர்களுக்கு விதி தெரிந்ததே. கம்பியின் ஒரு முனையில் எடை தொங்கும். இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின் மேல் வைத்ததும் கம்பி நடுவே மடித்துவைத்த காகிதத் துண்டு துள்ளி விழுந்தால் அதிர்வெண் பொருந்திவிட்டது என்று அர்த்தம். அந்தப் பரிசோதனைக்குப் பின்னால் இருக்கும் விதிகளைப் பிரெஞ்சுப் பாதிரியார் மரின் மெர்சென் 1636இல் எழுதி வைத்தார். அதிர்வெண் கம்பியின் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறைக்குரிய வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்.

கிட்டார்க்காரருக்கு இதைத் திருப்பிப் போட்டால்தான் பயன். அவருக்கு வேண்டிய அதிர்வெண் தெரியும், தெரியாதது இழுவிசை. திருப்பினால் இழுவிசை மூன்று வர்க்கங்களின் பெருக்கமாக வரும்: நீளத்தின் வர்க்கம், அதிர்வெண்ணின் வர்க்கம், தடிமனின் வர்க்கம். வர்க்கம் என்பதால் சின்ன மாற்றமும் பெரிதாக அடிக்கும். ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் அதிர்வெண் பாதியாகும். இழுவிசை கால்வாசிதான் மிஞ்சும்.

இனி எண்களைப் போடலாம். முழு நீளக் கிட்டாரில் நட்டிலிருந்து சேடில் வரை 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். கம்பியின் தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வது வழக்கம். 12 என்றால் 0.30 மில்லிமீட்டர். வழக்கமான சுருதியில் முதல் கம்பி இ, அதிர்வெண் 329.6 ஹெர்ட்ஸ். எஃகின் அடர்த்தியைப் போட்டுக் கணக்கிட்டால் 12 கம்பியின் இழுவிசை சுமார் 10.6 கிலோ எடைக்குச் சமம். ஆறு கம்பிகளும் சேர்ந்து கிட்டாரின் மேல் 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன.

இதே கம்பியை 23.5 அங்குலக் குட்டைக் கிட்டாரில் மாட்டினால் நீள விகிதம் 0.92, வர்க்கம் 0.85. இழுவிசை 9 கிலோவாகக் குறையும். அடுத்து அதை இ-யிலிருந்து டி-க்கு, ஒரு முழுச் சுரம் இறக்குகிறோம். அதிர்வெண் விகிதம் 0.89, வர்க்கம் 0.79. இரண்டையும் பெருக்கினால் 0.67. இழுவிசை 7.2 கிலோ. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது.

அது எங்கே தெரியும்? விரல் ஒரே பலத்தோடு இழுக்கும்போது கம்பி விலகும் தூரம் இழுவிசைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இழுவிசை மூன்றில் இரண்டானால் விலகல் ஒன்றரை மடங்கு. ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இருக்கும் இடைவெளி மாறவில்லையே! மோதத்தான் செய்யும். பிரிட்ஜ் வழியாகப் பலகையை ஆட்டும் விசையும் தளர்ந்த, லேசான கம்பியில் குறைவு. அதனால்தான் சத்தம் சோகையாகிறது.

எல்லாக் கம்பியும் தளர்வதில்லை

இங்கேதான் பலர் தவறவிடும் நுணுக்கம் இருக்கிறது. டேரோ பேட்சில் ஆறு கம்பிகளும் இறங்குவதில்லை. முதல் கம்பி, ஐந்தாவது, ஆறாவது ஆகிய மூன்று மட்டுமே முழுச் சுரம் இறங்குகின்றன. நடுவிலுள்ள பி, ஜி, டி மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே குட்டைக் கிட்டாரில் நடு மூன்றும் பழைய இழுவிசையில் 85 சதவீதத்தைத் தக்கவைத்துக்கொள்ள, ஓர மூன்றும் 67 சதவீதத்துக்கு விழுகின்றன.

ஸ்லாக் கீ வாசிப்பில் கட்டைவிரல் எங்கே வேலை செய்கிறது? பெரும்பாலும் ஆறாவதிலும் ஐந்தாவதிலும். பாட்டின் மேல்பகுதி எங்கே வருகிறது? முதல் கம்பியில். எந்தக் கம்பிகள் மேல் இந்தப் பாணி நிற்கிறதோ அவைதான் அதிகம் தளர்ந்து கிடக்கின்றன. இன்னும் சில ஸ்லாக் கீ சுருதிகளில் ஆறாவது கம்பி சி வரை, இரண்டு முழுச் சுரம் இறங்கும். குட்டைக் கிட்டாரில் அப்போது மிஞ்சுவது 53 சதவீதம், ஏறக்குறைய பாதி.

பரிகாரம் தடிமனில் இருக்கிறது. இழுவிசை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 85 சதவீதமாகக் குறைந்ததை ஈடுகட்ட 8 சதவீதம் தடித்த கம்பி போதும். 67 சதவீதமாகக் குறைந்ததற்கு 22 சதவீதம் தடிக்க வேண்டும். லைட் பொட்டலத்தின் கம்பிகள் 12, 16, 24, 32, 42, 53. நடு மூன்றையும் 8 சதவீதம் தடிக்கவைத்தால் ஏறத்தாழ 17, 26, 35 வரும். மீடியம் பொட்டலத்தின் நடு மூன்று கம்பிகளும் அச்சாக இதேதான்: 13, 17, 26, 35, 45, 56. மீடியம் வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி முடியவில்லை. முதல் கம்பி 14.6க்குப் போக வேண்டும். மீடியத்தில் இருப்பது 13. ஐந்தாவது 51, இருப்பது 45. ஆறாவது 64, இருப்பது 56. மீடியத்தை அப்படியே மாட்டினால் ஓர மூன்றும் முழு நீள லைட் கம்பியின் இழுவிசையில் 75 முதல் 79 சதவீதத்தில் நிற்கும். நடு மூன்றோ 95ஐத் தாண்டியிருக்கும். விரலுக்கு இந்த ஏற்றத்தாழ்வு உடனே தெரியும். தனிக் கம்பியாக 14, 49 அல்லது 50, 60 மூன்றையும் வாங்கி ஓரங்களில் மாட்டினால் முதலாவது 92, ஐந்தாவது 92 முதல் 95, ஆறாவது 86 சதவீதத்துக்கு ஏறிவிடும். சுற்றுக்கம்பிகளில் உள்ளிழையும் சுற்றும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் இந்த எண்கள் ஓரிரு சதவீதம் முன்பின் இருக்கலாம், போக்கு மாறாது.

குட்டை நீளத்தைத் தடிமனால் ஈடுகட்டுவது கிட்டார் செய்பவர்களும் கையாளும் வழிதான். 23.5 அங்குல டெய்லர் ஜி.எஸ். மினி, தொழிற்சாலையிலிருந்தே 13–56 மீடியம் கம்பியோடு வெளிவருகிறது. நீளத்தை அவர்கள் ஈடுகட்டிவிட்டார்கள். சுருதியை ஈடுகட்டுவது வாசிப்பவர் பொறுப்பு.

தடிமனால் ஆகாதவை

அப்படியானால் இன்னும் தடித்த கம்பியாகப் போட்டுக்கொண்டே போகலாமா? போகலாம் என்றால் பொட்டலம் எதற்கு? இரண்டு விஷயங்கள் தடுக்கின்றன.

முதலாவது விறைப்பு. மெர்செனின் விதி, கம்பி முழுக்க நெகிழ்வானது என்று வைத்துக்கொண்டு சொன்னது. நிஜக் கம்பிக்கு வளைய மறுக்கும் குணம் உண்டு. அது தடிமனின் நான்காம் மடியில் ஏறும். விறைத்த கம்பியில் இரண்டாம், மூன்றாம், நான்காம் இசைவுகள் சரியான மடங்குகளில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நழுவும். நீளம் குறையக் குறைய இந்த நழுவல் வேகமாகக் கூடும். காதுக்கு அது மந்தமான, கலங்கிய ஒலி. இதற்கு வாத்தியக்காரர்கள் கண்ட வழி சுற்றுக்கம்பி: மெல்லிய எஃகு உள்ளிழையின் மேல் வெண்கலக் கம்பியைச் சுருட்டுவது. சுற்று நிறையைத் தரும், விறைப்பைத் தராது. அகௌஸ்டிக் கிட்டாரில் மூன்றாவது கம்பியிலிருந்தே சுற்று தொடங்குவதற்குக் காரணம் இதுதான். சுற்றில்லாத எஃகுக் கம்பி 17, 18ஐத் தாண்டக் கூடாது என்பது கையாளச் சுலபமான எல்லை.

இரண்டாவது, சுருதி அலைவு. தளர்ந்த கம்பி வெயிலுக்கும் ஏ.சி.க்கும் அதிகம் அலையும். தடித்த கம்பி போட்டால் இது நிற்கும் என்று தோன்றும், நிற்காது. தடிமன் கூடும்போது இழுவிசை கூடுகிறது, ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு விழும் இழுப்பு நீளத்தையும் அதிர்வெண்ணையும் மட்டுமே பொறுத்தது. எவ்வளவு சுருதி அலையும் என்பதை முடிவு செய்வது அந்த இழுப்பு. மரம் அசையாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முழு நீளத்தில் இ-க்குச் சேர்த்த முதல் கம்பி வெப்பம் 10 டிகிரி ஏறினால் அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு இறங்கும். குட்டைக் கிட்டாரில் டி-க்கு இறக்கியதோ, 12 ஆனாலும் 14 ஆனாலும், ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். ஏ.சி. அறையில் சுருதி சேர்த்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வாசிக்க உட்கார்ந்தால் மறுபடியும் டியூனரை மாட்டத்தான் வேண்டும். இது கம்பியின் குறையல்ல, ஸ்லாக் கீயோடு கூடவே பிறந்த குணம்.

விரல் அழுத்தத்துக்கும் இதே கணக்குதான். ஒரே அளவு கீழே அமுக்கினால் மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும் ஒரே அளவுதான் சுருதி ஏறும். ஆனால் தடித்தது லேசில் அமுங்காது, பக்கவாட்டில் எளிதில் நழுவாது. தடிமனால் கிடைக்கும் நிதானம் கைக்குத்தான்.

ரீங்காரமும் ராமனும்

கம்பி எதன் மேலாவது உரசினால் ஒலி கெடும் என்பது பொது விதி. தம்புரா இதற்கு நேர்மாறு. அதன் குதிரையின் மேற்பரப்பு லேசாக வளைந்திருக்கும். தந்திக்கு அடியில் ஜீவா நூலைச் செருகி, தந்தி அந்த வளைவை வருடிக்கொண்டே அதிரும்படி நகர்த்தி வைப்பார்கள். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்த காலத்தில், 1921இல் வீணையையும் தம்புராவையும் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய இசைவுகள் ஒலியில் வரக் கூடாது என்பது தாமஸ் யங் சொன்ன விதி. நம் வாத்தியங்களில் அவை வருகின்றன, அதுவும் வலுவாக வருகின்றன என்று ராமன் காட்டினார். காரணம் வளைந்த குதிரையின் மேல் தந்தி தொட்டுத்தொட்டு விலகுவது. பின்னாளில் 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்குத் தலைமையேற்க வந்தவர், 1948இல் அதே ஊரில் தன் பெயரில் ஆய்வு நிறுவனம் தொடங்கி, 1970இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

தம்புராவின் ரீங்காரமும் தளர்ந்த கிட்டார்க் கம்பியின் 'ஜிர்ர்' ஒலியும் ஒரே செயல்முறையின் இரண்டு முகங்கள். ஒன்றில் தொடுதல் குதிரையின் மேல், ஒழுங்கோடு, ஒவ்வோர் அதிர்விலும் நடக்கிறது; இசைவுகள் பெருகுகின்றன. மற்றதில் தொடுதல் ஏதோ ஒரு ஃப்ரெட்டில், ஒழுங்கில்லாமல் நடக்கிறது, ஆற்றல் வீணாகிறது. ஆகவே கிட்டாரில் அதை ரசிக்க முயலாமல், கம்பியின் தடிமனைச் சரிசெய்வதுதான் வழி.

தம்புராவிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் மந்தர ஸட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் தானாக எழும். அது ஐந்தாம் இசைவு. எலெக்ட்ரானிக் டியூனர் காட்டும் பி-யைவிட இந்தக் காந்தாரம் அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு தாழ்ந்தது. டேரோ பேட்சில் இரண்டாவது கம்பி காந்தாரமாக நிற்பதால், டியூனரை மட்டும் நம்பாமல் ஒரு மயிரிழை இறக்கிவைத்தால் திறந்த கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முழுவதும் இறக்கினால் அந்தக் கம்பியில் ஃப்ரெட்டை அழுத்தி எடுக்கும் ஸ்வரங்கள் தாழ்ந்துவிடும். காது சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடைக்குப் போகும் முன்

முதலில் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் அதுதான் கம்பியின் நீளம். சேடில் வரை நேராக அளந்தால் சுருதியை ஈடுகட்டச் சேர்த்த ஓரிரண்டு மில்லிமீட்டர் கணக்கைக் குழப்பும். லிட்டில் மார்ட்டின் 23 அங்குலம். வேறு பல சின்னக் கிட்டார்கள் 22.75 முதல் 24.9 அங்குலம் வரை. 24.9 என்றால் மேலே சொன்ன தடிமன்களில் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம். எக்செல் தெரிந்தவர்களுக்கு ஒரே வரி போதும்: நீள விகிதம், அதிர்வெண் விகிதம், தடிமன் விகிதம் மூன்றையும் பெருக்கி வர்க்கமாக்குங்கள். அரைச் சுரம் இறங்கினால் அதிர்வெண் விகிதம் 0.944, முழுச் சுரத்துக்கு 0.891. இறக்கிய கம்பிகளுக்கு விடை 0.85க்கும் 0.95க்கும் நடுவே இருந்தால் கம்பி தளர்ச்சியின் இனிமையும் போகாது, உறுதியும் போகாது.

உலோகத்தைப் பொறுத்தவரை இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன. பாஸ்பர் வெண்கலம் என்பது செம்போடு கொஞ்சம் வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் சேர்ந்தது. ஒலி கதகதப்பானது, சீக்கிரம் மங்காது. 80/20 என்று விற்பது 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும். பெயர் வெண்கலம் என்றாலும் பொருள் பித்தளைதான். புதிதில் பளீரென ஒலிக்கும், வியர்வை பட்டால் சீக்கிரம் மந்தமாகும். ஸ்லாக் கீயின் மெதுவான நடைக்கு முதல் வகை பொருந்தும். கை அதிகம் வியர்ப்பவர்கள் பூச்சுப் பூசிய கம்பியை எடுக்கலாம். விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். 'சில்க் அண்ட் ஸ்டீல்' என்ற மென்கம்பியைத் தவிர்த்துவிடுங்கள். அதன் இழுவிசை இயல்பிலேயே குறைவு. குட்டை நீளமும் இறக்கிய சுருதியும் சேர்ந்தால் தொய்ந்துவிடும்.

மாட்டுமுன் நட்டின் பள்ளங்களைப் பாருங்கள். 53க்கு வெட்டிய பள்ளத்தில் 60 கம்பி முழுதாக இறங்காது. சிக்கிக்கொண்டால் முறுக்கும்போது சுருதி ஏறாமல் இருந்து, 'டிக்' என்ற சத்தத்தோடு திடீரென்று தாவும். பள்ளத்தை அகலமாக்க அதற்கென்ற நுண்ணரம் வேண்டும். வீட்டு ரம்பத்தால் முயன்றால் நட் போய்விடும். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே மேல். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் கழுத்தின் மேலுள்ள இழுப்பு ஒரேயடியாக மாறாமல் இருக்கும்.

பருவத்தையும் கணக்கில் வையுங்கள். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காற்று நன்றாக உலரும். கிட்டாரின் மேற்பலகை சுருங்கித் தாழ்ந்து, கம்பி ஃப்ரெட்டை நெருங்கும். தளர்ந்த கம்பி உள்ளவருக்கு மோதல் முதலில் அங்கேதான் கேட்கும். மழைக்காலத்தில் பலகை உப்பிக் கம்பி உயரும். உறைக்குள் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்தால் இரண்டு தொல்லையும் குறையும். ஆனி மாதத்தில் சரியாக ஒலித்தது மாசியில் உறுமினால், கம்பியை மாற்றுமுன் ஈரப்பதமானியைப் பாருங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 14–17–26–35–50–60 என்ற இந்தக் கோவை, இறக்கிய சுருதிக்கென்றே கணக்கிட்டது. நண்பர் ஒருவர் வந்து சினிமாப் பாட்டு வாசிக்க வழக்கமான சுருதிக்கு ஏற்றினால், ஐந்தாவது கம்பி முழு நீளக் கிட்டாரில் லைட் கம்பி இழுப்பதைவிட 20 சதவீதம், முதல் கம்பி 16 சதவீதம் அதிகமாக இழுக்கும். சின்னக் கிட்டாரின் பிரிட்ஜ் பெயரவும் மேற்பலகை உப்பவும் அது காரணமாகலாம். இரண்டு சுருதியிலும் வாசிப்பவர் 13–56 மீடியத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்; ஓரக் கம்பிகள் கொஞ்சம் தளர்ந்தே இருக்கும், கிட்டார் பிழைக்கும். ஸ்லாக் கீ மட்டுமே வாசிப்பவர் மீடியம் பொட்டலத்தோடு மூன்று தனிக் கம்பிகளையும் சேர்த்து வாங்கட்டும்.